பெருவிரல் அகலத்தில்

மூன்றாம் குறுக்குத் தெருவில் இரண்டாம் மாடி.
வந்திறங்கும் இனிப்புகளுக்குத் தமிழ் எழுதுவது என் வேலை.
சிங்களம் பிரியங்கிகா.
ஸ்டிக்கர் பெருவிரல் அகலம்.
அதற்குள் சீனி, குளுக்கோஸ், புளிப்பூட்டி,
இறக்குமதி செய்தவர் பெயர், தொலைபேசி எண்,
இடம் மிஞ்சினால் உண்மை.

சஷ்டி தொடங்கிய கிழமை வந்தன கரடிக்குட்டிகள்.
நானூறு பெட்டி.
பச்சை, மஞ்சள், சிவப்பில்
கை தூக்கி நிற்கும் கரடிகள்.
பஸ்மியா ஒரு பொதியைத் திருப்பினாள்.
பன்றியா, என்றாள்.
சுமை இறக்கிக்கொண்டிருந்த சுமித்
மாடா என்று சிங்களத்தில் கேட்டான்.
நான் இரண்டையும் கேட்டேன், வாய்க்குள்.
பொதியில் ஜெலட்டின் என்று மட்டும் இருந்தது.
யாருடையது என்று இல்லை.

கனகசிங்கம் முதலாளி
ஆறு நாளும் மிளகும் இளநீருமாய் இருக்கிறவர்.
"கம்பனி எழுதாததை நாங்கள் ஏன் பிள்ளை எழுதுவான்?
ஜெலட்டின் எண்டா ஜெலட்டின்.
தமிழிலயும் அதுதான்."

தமிழில் வேறொன்றும் இருக்கிறது.
வச்சிரம்.
தோலையும் எலும்பையும் காய்ச்சித்
தச்சர்கள் மேசைக்கால் ஒட்டிய பசை.
எழுதிப் பார்த்தேன்:
சீனி, குளுக்கோஸ், வச்சிரம்.
"வைரம் போட்டிருக்கா?" என்றாள் பஸ்மியா.
அழித்தேன்.

கடைசி வரியில் நூற்றிருபது என்று ஓர் எண்.
அது பூச்சி.
கள்ளியில் ஒட்டி வாழ்ந்து, காய்ந்து, இடிபட்டு
சிவப்புக் கரடிக்குள் போன பூச்சி.
எண்ணாகவே விட்டேன்.
எண்ணுக்குக் காலில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சட்டி
மச்சம் கண்டதில்லை என்று
வருகிறவர்களிடம் சொல்வது என் கணவர்.
முழங்கால் வலிக்கு இரவில் ஒரு குளிசை விழுங்குவார்.
பொன்னிறம், முட்டை வடிவம்.
உள்ளே மீன் எண்ணெய்,
வெளியே என் அலுவலகத்து ஜெலட்டின்.
மருந்துக்குத் தோஷமில்லையாம்.
கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்குகிறார்.

எனக்கென்ன வாய் இருக்கிறது.
பஸ் ஏறும் முன் அந்த வாயில் நான் பூசுவதும்
அதே நூற்றிருபது.
பெட்டியைத் திருப்பிப் பார்த்து மூன்று மாதம்.
எறியவில்லை.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்,
இன்னும் பாதி இருக்கிறது.

நாலாம் நாள், ஸ்டிக்கரில் இருந்த எண்ணுக்கு
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண்.
"தங்கச்சி, மகன் விரதம்.
இனிப்புத்தானே எண்டு குடுத்தனான்,
ஐஞ்சு கரடி திண்டிட்டான்.
ஜெலட்டின் எண்டு கிடக்கு, அது என்னது?"

சொல்ல வாயெடுத்தேன்.
"பொறுங்கோ, பொறுங்கோ" என்றாள்.
அவள் பக்கத்தில் குக்கர் கூவி அடங்கியது.
"உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?"
"கம்பனி எழுதேல்லை, அக்கா."
"அப்ப தெரியாது."
"தெரியாது."
"நல்லது" என்றாள்.
மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.
"தெரியாமத் திண்டதை முருகன் எண்ணமாட்டார்."

எண்ணுவாரா என்று நான் கேட்கவில்லை.
அதற்குள் வைத்துவிட்டாள்.
எந்தக் கரடி, சிவப்பா என்றும் கேட்கவில்லை.

மிச்சம் இருநூறு பெட்டியை
அன்று மாலை ஒட்டி முடித்தோம்.
சுமித் ஒரு பொதியை உடைத்து
மஞ்சளாய்ப் பொறுக்கித் தின்றான்.
"மகள் கேப்பாள், இங்க வேலை செய்யிறதை
அவளிட்டச் சொல்லேல்லை" என்றாள் பஸ்மியா.

உறை முழுக்கப் படம்.
ஸ்டிக்கருக்கு இடம்
கரடியின் முகத்தில்தான் இருந்தது.
பஸ்மியா வாயின் மேல் ஒட்டினாள்.
நான் கண்ணின் மேல்.