கீல்

எங்களைப் பங்கிட்டு அனுப்பிய கடிதத்தில்
ஊர்ப்பெயருக்கு நாலே எழுத்து.
சுகிர்தன் தட்டுத்தடுமாறி வாசித்தான்: கீல்.
கதவில் இருக்குமே, அதுவா?
அதுதான் என்றான்.
அங்கேதான் இனிக் குடியிருக்கப்போகிறோம்.

எனக்கு அப்போது இருபத்தாறு.
கதவு திறக்கும், மூடும்;
கீல் இரண்டையும் செய்யாது,
இரண்டையும் தாங்கும் என்றெல்லாம்
யோசிக்கிற வயதில்லை.
குளிர் எவ்வளவு என்றுதான் கேட்டேன்.

வந்து பார்த்தால் அழகான ஊர் இல்லை.
போரில் பெரும்பகுதி எரிந்து
அவசரத்தில் எழுப்பிய தெருக்கள்,
சவர்க்காரப் பெட்டிகளை நிறுத்திவைத்த மாதிரி.
அழகு வேண்டுமானால் லூபெக்குக்குப் போ என்பார்கள்
உள்ளூர்க்காரரே, கோபமில்லாமல்.
ஒரு மாநிலத்துக்கே தலைநகரமாம்.
தலை வணங்குவது காற்றுக்கு மட்டும்.
மழை இங்கே மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும்.
குடை விற்கிறவன் பொய்யன்.

காலையிலும் மொய்ன்,
நடுச்சாமத்திலும் மொய்ன்.
கல்யாணமே இல்லாமல்
எதற்கு இத்தனை மொய்?
அதற்குமேல் ஒரு சொல் பேசமாட்டார்கள்.
முதல் வருடம் அழுதேன்.
பிறகு அதுவே வசதியாகிவிட்டது.

பத்து வருடம் என்னோடு கப்பல் அறை துடைத்த வீப்கே
ஒருநாள் தலையணை உறை மாற்றியபடி சொன்னாள்:
கதவுமில்லை கிதவுமில்லை.
கீல் என்றால் ஆப்பு.
கடல் நிலத்துக்குள் கூராக இறங்கி நிற்கிறதே, அது.
துடைப்பத்தின் காம்பால் குத்திக் காட்டினாள்.
பழைய ஏடுகளில் பெயர் இன்னும் நீளமாம்:
ஹோல்ஸ்டன் மக்களின் நகரம், ஆப்போரத்தில்.
மற்றதெல்லாம் உதிர
ஆப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சிரித்துவிட்டேன்.
கடல் வைத்த ஆப்பு!
ஏன் சிரிக்கிறாய் என்றாள். எப்படிச் சொல்ல.
ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் வால் என்ன ஆனது என்று
கடல்வாயில் போய்ப் பார்த்தால் தெரியும்.
நீருக்கடியில் போய்த் திரும்பாதவர்கள்,
பேர் பேராக, வெண்கலத்தில்.
எதிர்க்கரையில் இன்றைக்கும்
நீர்மூழ்கி கட்டுகிறார்கள்.
எங்கள் மாடிவரை கேட்கும்.

கேட்காமல் என்ன, கட்டுகிறவர்களில் சுகிர்தனும் ஒருவன்.
ஆப்பு என்றதை அவன் ஒப்பவேயில்லை.
ஜெர்மனில் கீல் என்றால் கப்பலின் அடிமரம்,
நம் பழஞ்சொல்லில் ஏரா.
முதலில் கிடத்துவது அதைத்தான்,
அதன்கீழ் ஒரு காசும் வைப்பார்கள் என்றான்.
கோபத்தோடு நான் அகராதியைப் புரட்டினேன்.
கீல்: தார். மரக்கலத்தின் ஓட்டை அடைப்பது.
ஆக, கப்பலுக்கு வேண்டிய எல்லாம்
இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.
கப்பல்தான் இல்லை.

போன பெப்ரவரியில் முழங்கால் வீங்கியது.
டாக்டர் முன்னால் ஜெர்மன் வரவில்லை.
வாய் தவறிக் கீல்வாதம் என்றேன்.
ஆமாம் கீல், ஊர் தெரிகிறது என்றார்,
நோவு எங்கே?
முழங்காலைத் தொட்டுக் காட்டினேன்:
இங்கேதான். கீலில்.
அவர் பொறுமையாகக் கணினியைத் திருப்பி
என் முகவரியைச் சரிபார்த்தார்.

இன்று காலை எட்டரை.
பாலத்தடியில் மணி, சிவப்பு விளக்கு.
இந்தப் பக்கம் வீடு,
அந்தப் பக்கம் கோத்தன்பர்க் கப்பல்
கலைந்த படுக்கைகளோடு வந்துகொண்டிருக்கிறது.
நடுவில் பாலம் மூன்றாக மடிந்து
முனகிக்கொண்டே எழுகிறது.
என் முழங்கால் கொஞ்சம் கூடுதல் சத்தமாக.
இத்தனையும் எதற்கு?
ஒற்றைப் பாய்மரத்தோடு ஒரு சின்னப் படகு,
அதில் ரொட்டி தின்றபடி ஒருவன்.

பக்கத்தில் தொப்பி நனைந்த ஆள்
மொய்ன் என்றார்.
மொய்ன் என்றேன்.
இருவரும் பாலத்தின் மடிப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்,
எண்ணெய் பூசிய அந்த இரும்பு முட்டியை.
வேலைக்குப் பிந்தியாயிற்று.
அது இன்னும் இறங்கவில்லை.