மூன்று கிலோ வெள்ளம்

செவ்வாய், வியாழன், சனி.
குளச்சலிலிருந்து முதல் பஸ்.
ஆசாரிப்பள்ளத்தில் இறங்கும்போது
அடுப்பில் சாயா கொதிக்கத் தொடங்கியிருக்கும்.
நான் குடிப்பதில்லை.
கடையிலிருந்து ரோடு வரைக்கும்
காசு கேட்காமல் பரவி வருகிற மணத்தை மட்டும்
வாங்கிக்கொண்டு நடப்பேன்.

எடைமெஷினில் ஏறச் சொன்னாள் பிளெஸ்ஸிலெட்.
"மூணு கிலோ கூடியிருக்கு. ஞாயித்துக்கிழம என்ன தின்னிய?"
"ஒண்ணும் தின்னல பிள்ளே."
பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் நம்பிவிடுவார்.
மெஷின் நம்பாது.

சாளைக் கருவாடு, ஒரு துண்டு, கனலில் சுட்டது.
இருபத்தாறு வருஷம் நான் விற்ற சரக்கு.
தின்றது அவ்வளவுதான்.
மீதி முழுக்க அதன் பின்னால் வந்த வெள்ளம்.

எனக்குத் தெரியாதா உப்பின் வேலை?
சிமெண்ட் தொட்டியில் மீனை அடுக்கி
கல்லுப்பை வாரி இறைத்துவிட்டுப் போனால்
விடியும்போது தொட்டியில் முழங்கை ஆழம் வெள்ளம்.
ஒரு குடம் ஊற்றியதில்லை நான்.
தன் ஒவ்வொரு செல்லிலிருந்தும்
மீனே இறக்கிக் கொடுத்தது.
சவ்வூடு பரவல் என்கிறாள் பிளெஸ்ஸிலெட்.
நாங்கள் ஊறல் என்போம்.

இப்போது அந்தத் தொட்டி நான்தான்.
தின்ற உப்பு ரத்தத்தில் நின்றுகொண்டு
செல்லுக்குள் இருப்பதை வெளியே வரச் சொல்கிறது.
வற்றிய செல் தலைக்குத் தகவல் அனுப்புகிறது.
அதைத்தான் தாகம் என்று நினைத்து
இரவெல்லாம் செம்பைத் தேடினேன்.

கைமுழம் நீளத்தில் ஒரு குழல்.
அதற்குள் முடியைவிட மெல்லிய ஆயிரமாயிரம் நூல்கள்,
ஒவ்வொன்றும் உள்ளே பொள்ளல்.
நூலுக்குள் என் ரத்தம் இறங்குகிறது.
நூலுக்கு வெளியே வேறொரு நீர் எதிரே ஏறுகிறது.
நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உள்ள சுவர்.
யூரியா இந்தப் பக்கம் நெருக்கித் தள்ளுகிறது,
அந்தப் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது.
போய்விடுகிறது. யாரும் விரட்டவில்லை.
ரத்த அணுவுக்கு அந்த வாசல் பத்தாது.
அது வீட்டிலேயே இருக்கும்.

நாலாம் கட்டில் தாணுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு
ஒரு மட்டிப்பழத்தை மனசிலேயே உரிக்கிறார்.
பொட்டாசியம், தொடக்கூடாது.
"மரச்சீனிய ரெண்டு வெள்ளம் மாத்தி அவிச்சா
பொட்டாசியம் எறங்கிரும்" என்கிறார்.
"ருசியும் கூடவே எறங்கிரும்."

நெருக்கடியான இடத்திலிருந்து காலியான இடத்துக்கு.
எனக்க மகன் லிஜின் பஹ்ரைனுக்குப் போனதும்
இந்தக் கணக்கில் சேருமா என்று யோசித்துப் பார்த்தேன்.
சேராது. அங்கே ஒரே ரூமில் பதினாறு பேர்.
பணமும் இந்தச் சட்டம் படித்ததில்லை.
கொஞ்சமாய்க் கிடக்கிற இடத்திலிருந்து
குவிந்து கிடக்கிற இடத்துக்கே போகும்.
எங்கோ ஒரு பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

கேட்டேவிட்டேன்.
"இந்த வெள்ளத்துல எதுக்கு உப்பு போடுதிய?
உப்பாலதான நான் கெட்டேன்?"
பிளெஸ்ஸிலெட் டியூபைத் தட்டிப் பார்த்தபடி சொன்னாள்.
"வெறும் வெள்ளம் விட்டா
ரத்த அணு ஒவ்வொண்ணும் குடிச்சுக் குடிச்சு வீங்கி
வெடிச்சிரும்."

நான் பேசவில்லை.
என் ரத்தத்தின் உப்பை அளந்து
அதே பக்குவத்தில் ஒரு நீர்
எனக்காகக் கலக்கி வைத்திருக்கிறார்கள்.
கைப்பிடியால் மட்டுமே அளந்தவள் நான்.
ஒரு பிடி கூடினால் மீன் விறகு,
குறைந்தால் புழு.
இவர்கள் கைப்பக்குவம் தப்பவில்லை.

வெள்ளம் மட்டும் சும்மா போகாதாம்,
மெஷின் அழுத்தி இழுக்க வேண்டும்.
மூன்றாம் மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது.
நாலாவதில் எல்லாம் ஓய்ந்தது.
மூன்று கிலோ, ஓடையோடு.

போகும்போது பிளெஸ்ஸிலெட்
ஒரே ஒரு ஐஸ் துண்டு தந்தாள்.
ஆயுசு முழுக்க ஐஸ்காரர்களோடு சண்டை போட்டவள் நான்.
வாங்கி வாயில் போட்டுக்கொண்டு
பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
விழுங்கவில்லை.
நாக்கு தனக்கு வேண்டியதை
மெதுவாக எடுத்துக்கொள்ளட்டும்.