குறைபாடு: அசைவு

தகடு நூற்றுப் பதினான்கு.
உறையில் பென்சில் எழுத்து:
தேவிபட்டினம், காலை ஏழேகால்,
மீன் காயவைக்கும் பெண்கள் நால்வர்.

எண்ணிக்கை தப்பு.
ஊரும் தப்பு.

தேவிபட்டினத்தில் கடல் கிழக்கே.
அந்த நேரத்தில் கடலைப் பார்த்து நிற்பவன்
கண்ணைச் சுருக்கவேண்டும்,
நிழலெல்லாம் அவன் காலடிக்கு ஓடிவரும்.
இங்கே நிழல்கள் கரையோடு கரையாக
வலப்பக்கம் படுத்துக்கிடக்கின்றன.
தகட்டைத் திருப்பி வைத்தாலும்
தேவிபட்டினம் ஆகாது.

நான் பெரியபட்டினத்துக்காரி.
எங்களுக்குக் கடல் தெற்கே.
காலையில் கடலைப் பார்த்து நின்றால்
இடக்கன்னம் சுடும்.
இந்தப் பெண்களைப் படம் எடுத்தவருக்கும்
இடக்கன்னம் சுட்டிருக்கும்.
வாலிநோக்கமாக இருக்கலாம், மூக்கையூராக இருக்கலாம்.

அவர் பெயர் லுட்கே.
பாம்பனில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில்
வண்டி கட்டிக்கொண்டு கரையோரமாகப் போய்
முப்பத்தோரு தகடு எடுத்திருக்கிறார்.
நாட்குறிப்பில் வெயில் இருக்கிறது, ஈ இருக்கிறது,
சோடா சூடாக இருந்தது இருக்கிறது.
வண்டிமாட்டுக்குப் பெயர் இருக்கிறது: செவலை.
பெட்டி தூக்கிய இருவருக்கு
ஆளுக்கு நாலணா இருக்கிறது.
பிறகு ஒரு வரி:
ஒருத்தி நிற்கமாட்டேன் என்றுவிட்டாள்,
ஒரு தகடு வீண்.

வீணான தகட்டை
எதற்குப் பஞ்சு சுற்றி
இத்தனை கடல் தாண்டிக் கொண்டுபோனார், தெரியவில்லை.

நாளுக்கு இருபது தகடு என்பது என் ஒப்பந்தம்.
இன்று நாலோடு நிற்கிறேன்.

திரையில் பெருக்கிப் பார்க்கிறேன்.
நால்வர், கையைத் தொங்கப்போட்டு,
மூச்சையும் பிடித்துக்கொண்டு.
யாரோ அதட்டியிருக்கவேண்டும், ஆடாதே என்று.
அவர்களைவிடத் தெளிவாக விழுந்திருப்பவை
ஓலைப்பாயில் கிடக்கும் சூடை மீன்கள்.
ஒவ்வொன்றின் கண்ணும் தெரிகிறது.
செத்ததற்கு நிற்கச் சொல்லித்தரவேண்டாம்.

கடல் அசைந்திருக்கிறது, பாலாகிவிட்டது.
பனையோலைகள் அசைந்திருக்கின்றன.
அவற்றைப் பற்றி லுட்கே முறையிடவில்லை.

பாய்க்கு மேலே
தகட்டில் வெள்ளையாக ஒரு கீறல்.
விரிசல் என்றுதான் முதலில் குறித்தேன்.
திரையில் நிறத்தைப் புரட்டியதும் கறுத்தது.
ஒரு நுனியில் அலகு.

அதை நோக்கி, வலது ஓரத்தில்,
சீலையும் காற்றும் பிரியாத ஒரு புகை.
கை ஒன்று மூன்றாக வீசுகிறது.
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
அடிவானம் தெரிகிறது.

நிற்கமாட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை, துரை.
காக்கை விரட்டப் போனாள்.

மேலாளர் ஞானசிகாமணி எட்டிப் பார்த்தார்.
'குறைபாடு' கட்டத்தை நிரப்பும்மா,
இல்லையென்றால் அடுத்த பக்கம் போகாது.
பட்டியல் திறக்கிறது:
விரிசல், பூஞ்சை, கைரேகை, அசைவு.

கீழ்மூலையில் ஒரு பெருவிரல் பதிந்திருக்கிறது.
லுட்கேயுடையதோ,
நாலணா வாங்கியவருடையதோ.
கைரேகை என்று தேர்ந்தெடுத்தேன்.
நபர்கள்: ஐவர்.
ஊர்: தெரியவில்லை. கடல் தெற்கே.

மூடுமுன் இன்னொரு தரம் பெருக்கினேன்.
அவள் உடம்பில் ஒன்றே ஒன்று
துளியும் கலையாமல் விழுந்திருக்கிறது.
ஊன்றிய இடது கால்.
விரலிடுக்கில் ஏறிவரும் மணல்கூடத் தெரிகிறது.
மற்றக் கால் ஏற்கெனவே
எங்கோ போய்விட்டது.

தகடு நூற்றுப் பதினைந்து.
அதே கரை, அதே நால்வர்,
அவளை விலக்கிவிட்டு மறுபடி எடுத்தது.
குறைபாடு எதுவும் இல்லை.
பாயின் நடுவே மட்டும்
ஓலை தெரிகிறது,
மீன் இருந்த இடங்களில்.