தோலோடு

மவுண்ட் ரோட்டு நாட்டு மருந்துக்கடையில்
பார்லி கேட்டால்
"யாருக்கு நீர்க்கடுப்பு?" என்கிறார்கள்.
எனக்குத்தான் என்று வாங்கிவந்து
ஈரத்துணியில் சுற்றி எட்டு நாள் காத்தேன்.
முளை வரவில்லை, நாற்றம் வந்தது.
தீட்டித் தீட்டி
மூக்கை இழந்த தானியம்.
இத்தனை வெள்ளை ஆகாது என்று
எனக்கு யார் சொன்னார்கள்?

தோலோடு உள்ளது
கோத்தகிரிக்கு அப்பால் ஒரு ஹட்டியில்
போஜனின் மாமியாரிடம் இருந்தது,
கோழிக்கு வைத்த இரண்டரைப் படி.
மாட்டுக்கு மடிநோய் பார்க்கப் போன நான்
காசு வேண்டாம் இதைக் கொடுங்கள் என்று சொல்ல
மூன்று டீ ஆயிற்று.
"கோழி வளர்க்கிறீர்களா?"
"ஆமாம்" என்றுவிட்டேன்.
அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம்
கோழிகளை விசாரிக்கிறார்.
இரண்டுக்குப் பெயர்கூட வைத்தாயிற்று.

மூன்றாம் நாள் வால் முளைத்தது.
காயவைக்க
ஆடி மாதக் குன்னூரில் வெயில் ஏது?
தேயிலை ஃபேக்டரி இரவு ஷிஃப்டில்
டிரையர் பார்க்கிற இருதயராஜ்
கடைசி ஈடு இறங்கியபின் தட்டில் பரப்பித் தந்தான்.
மோந்தால் பாதி பிஸ்கட், பாதி டஸ்ட் டீ.

கற்பூர மரம், சீகை, கேரட், பேரி,
கப்பலில் வந்து இங்கே வேர்விட்டவை எத்தனையோ.
ஹாப்ஸ் கொடியை மட்டும்
நான் எந்த வேலியிலும் பார்த்ததில்லை.
அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில்
நிலவேம்புக்கு வரிசையில் நின்றேன்.
"காய்ச்சலா?" என்றார் டாக்டர்.
காய்ச்சத்தான் என்பது
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஈஸ்ட், பதினோரு கிராம்,
கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி
பர்லியாறில் மண் சரிந்து
முட்டை வண்டிக்குப் பின்னால் நிற்கிறது.
இங்கே அண்டா ஆறிக்கொண்டிருக்கிறது.
பேக்கரியில் கேட்டால் ஒரு ஸ்பூன் தருவார்கள்,
கூடவே ஊருக்கும் தருவார்கள்.
என் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்
ஹெட் கான்ஸ்டபிளுடையது.

ஜன்னலோரப் பிளம்ஸ் மரத்தில்
குரங்கு மிச்சம் வைத்தது ஒன்பது.
பறித்துக் குழாயடியில் நீட்டிய கையை
இழுத்துக்கொண்டேன்.
தோல்மேல்
திருநீறு தடவினாற்போல் ஒரு வெள்ளை.
விரல் பட்ட இடம் மட்டும் கருப்பு.
உயிருள்ள தூசி என்று எப்போதோ படித்தது.
கழுவாமல் ஒன்பதையும் போட்டேன்.
மூடியில் துளை,
கன்றுக்குக் குளுக்கோஸ் ஏற்றிய டியூப்,
அதன் மறுமுனை ஒரு டம்ளர் தண்ணீரில்.

முதல் நாள் சும்மா இருந்தது.
இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் போனில் செய்தி:
பாதை திறந்தது, பார்சல் இன்று வரும்.
படித்துக்கொண்டிருக்கையில்
டம்ளரில் ஒரு குமிழ்.
இன்னொன்று வரும்வரை
மூச்சு விடவில்லை.
சுவருக்கு அப்பால் ஹெட் கான்ஸ்டபிள் இருமினார்.

பார்சலைக் கையெழுத்திட்டு வாங்கி
பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன்.
போன் அடித்தது.
"கோழி அடை உட்கார்ந்துவிட்டதா?"
உட்கார்ந்துவிட்டதம்மா,
இன்றைக்குத்தான்.
இன்னும் இருபத்தொரு நாள்.