பாதி காற்று

முதல் நாள் பதினாறு ரொட்டி சுட்டேன்.
மூன்று போயிற்று.
அதிலும் ஒன்று திரும்பி வந்தது.
எடைமேடைக்காரர் எவுசேபியோ
அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
“சென்யோரா, இதில் பாதி காற்று.
காற்று எங்கள் ஊரில் இலவசம்.”

புவனோஸ் ஐரிஸில் அந்தக் காற்றுக்குத்தான்
வரிசையில் நின்றார்கள்.
பத்தொன்பது வருடக் கடை.
வாடகை ஏறிய வேகத்தில்
என் கையில் எந்த மாவும் பொங்கியதில்லை.
சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு
புளித்த மாவு ஜாடியில்,
ஜாடி மடியில்,
ஏழு மணி நேரம் பேருந்து.
பக்கத்து இருக்கைக்காரர் மூடியைப் பார்த்து
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
“சாம்பலா? யாருடையது?”
உயிரோடுதான் இருக்கிறது என்றேன்.

லாஸ் தோர்காஸாஸ்.
ரயில் வராத ரயில் நிலையம்,
ஒரு பெட்ரோல் பங்க்,
கண்ணுக்கெட்டிய மட்டும் கோதுமை.
மாவு மட்டும்
நான் விட்டுவந்த நகரத்திலிருந்து வரும்.
கோதுமை லாரி போகையில் மாவு லாரி எதிர்ப்படும்,
ஓட்டுநர்கள் கையசைத்துக்கொள்வார்கள்.

தண்ணீரில் உப்பு.
ஜாடி இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் ஓரத்தில் ஒரே ஒரு குமிழி,
கோபித்துக்கொண்ட உறவுக்காரர்
“காபி வேண்டாம், தண்ணீர் போதும்” என்பதுபோல.

பன்னிரண்டுக்கு ஊர் கதவைச் சாத்தும்,
நாலரைக்குத் திறக்கும்.
தெரியாமல் முதல் வாரம் உச்சிவெயிலில் கடை விரித்து
ஒரு நாயிடம் வியாபாரம் பண்ணினேன்.
அவர்கள் கேட்டதோ கலியேத்தா:
உருண்டை, கெட்டி,
வயலுக்கு எடுத்துப்போனால் பல நாள் தாங்குவது.
எனக்குச் சுடத் தெரியாது.
நாளைக்கு என்றேன்.
மறுநாளும் நாளைக்கு என்றேன்.

ஜூன் மாதம், புல்லெல்லாம் உறைபனி.
விடிகாலை மூன்று மணிக்குக் கதவு தட்டினார்
கால்நடை மருத்துவர் ஸுபெல்தியா,
முழங்கைவரை ரத்தம்.
“கன்று பிழைத்தது. தாய் இல்லை.
ஊரில் விளக்கு எரிவது இங்கே மட்டும்தான்.”
வெந்நீர் ஊற்றினேன்.
அவர் நின்றபடியே பாதி ரொட்டி தின்றார்.
நன்றாயிருக்கிறது என்றோ
இல்லை என்றோ சொல்லவில்லை.

சொன்னது வேறு, ஊரிடம்:
மூன்று மணிக்கு ஒருத்தி விழித்திருக்கிறாள்.

லாரிக்கார ரூபேந்தைன் கேட்டார்,
நாலுக்கு ஒரு போன் அடிக்க முடியுமா.
நர்ஸிங் பரீட்சைக்கு யமிலாவின் பேருந்து ஐந்து பத்துக்கு.
ஒருவருக்கு இதய மாத்திரை.
ஒருவருக்குக் காரணமே இல்லை,
யாராவது கூப்பிட்டால் போதுமாம்.
மாவுப்பை காகிதத்தில் பட்டியல் நீண்டது.
என் போனில் எண்கள் வெளுத்துப்போயின.
காசு வாங்க மறுத்தேன்,
அவர்கள் வெட்கத்துக்கு ரொட்டி வாங்கினார்கள்.
ஓட்டை வழியே ஜாம் ஒழுகுகிறதென்று
திட்டிக்கொண்டே வாங்கினார்கள்.

ஆகஸ்டில் எனக்குக் காய்ச்சல்.
கண் விழித்தால் மணி ஏழு.
அன்று ஊரே பிந்திவிட்டது.

கதவுக்கு வெளியே எட்டு முகம்.
போர்வையோடு போய் மன்னிப்பை ஆரம்பித்தேன்,
யாரும் கேட்கவில்லை.
மருத்துவர் பசுவுக்குப் பார்ப்பதுபோல்
என் காதைத் தொட்டுப் பார்த்து
“படு” என்றார்.
யாரோ அடுப்புக்கு விறகு தேடினார்கள்.
எவுசேபியோ மட்டும்
ஜாடிக்கு முன்னால் குனிந்து நின்றார்.

“இது என்ன தின்னும்?”

மாவும் தண்ணீரும், சம எடை.

எடை என்றதும் நிமிர்ந்தார்.
தொப்பியைக் கழற்றி வைத்தார்.
நாற்பது டன் லாரிகளை நிறுத்துப் பழகிய மனிதர்
என் சின்னத் தராசில்
நாற்பது கிராம் மாவை,
பறந்துவிடுமோ என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு.