நெம்புகோல் பட்ட இடம்

பைசாந்துவில் மழை விட்ட சனிக்கிழமை.
நெலிதாவின் அறுபத்தேழாம் வருடத்து ஃபியட்.
டயர் இறுகிப் பிடித்திருந்தது, எனக்கோ அவசரம்.
நெம்புகோலை வெறுமனே நுழைத்தேன்.

க்றீச்.
அலுமினிய விளிம்பில் மூன்று விரல் நீளம்,
மீன் வயிற்றைக் கீறினாற்போல் வெள்ளையாய்.

அவள் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.
“நாளைக்குக் கடை லீவுதானே, வாஷிங்டன்?
வீட்டுக்கு வா.”

அவள் கராஜில் மாத்தே ஆறிக்கொண்டிருக்க
உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தேன்.
நானூறு. அறுநூறு.
பெயின்ட் சாம்பல் நீராய் வழிந்தது.
என் கீறலுக்கு அடியில் இன்னொன்று:
பட்டி அடைத்து, வழுவழுவென்று மூடி,
யாரோ ஒருவன் என்னைப் போலவே
மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்த இடம்.

“என் வீட்டுக்காரர் வேலை” என்றாள்.
“எனக்குத் தெரியாதென்று நினைத்தபடியே செத்தார்.”

பழைய பட்டியைச் சுரண்டவா என்று கேட்டேன்.
மாத்தேயில் புதிதாய்ச் சுடுநீர் ஊற்றினாள்.
அதை விட்டுவிட்டு
என்னுடையதை மட்டும் அடைத்தேன்.

மற்ற மூன்று டயர்களைக் கழற்றும்போது
எண்ணெய் டப்பாவில் நறுக்கிய பிளாஸ்டிக் துண்டை
இரும்புக்கும் விளிம்புக்கும் நடுவே கொடுத்தேன்,
சோப்பு நீர் தாராளமாய்.
அந்த மூன்றின் பெயின்டுக்கு அடியில்
என்னென்ன கிடக்கிறதோ.
நான் தேய்க்கவில்லை.