நூற்று இருபது வோல்ட்

வின்னிபெக்கில் சுவருக்குள் ஓடுவது
நூற்று இருபது வோல்ட்தானாம்.
அரசிக்கு அங்கே தாதி வேலை.
என் பெயர் அவளுடைய தாள்களில்
இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது:
உடன் வருபவர்.

சரக்கு நிறுவனத்திலிருந்து மிஸ்டர் கோ
ஈசூன் வீட்டுக்கு அளக்க வந்தார்.
அவருடைய டேப் பாதியில் நிற்காமல் சுருண்டது.
என்னுடையதைக் கொடுத்தேன்.
என் டேப்பால் என் வீட்டை அளந்து
கன மீட்டருக்கு இவ்வளவு வெள்ளி என்றார்.
பட்டியல் வேண்டும்,
பழசா புதுசா, இன்று என்ன பெறும்,
எல்லாம் எழுத வேண்டும்.

சுத்தியல் டிரில், ஒன்று, பழையது.
விலைக் கட்டம் தீப்பெட்டி அளவு.
நாற்பது என்று எழுதிவிட்டு
அறுபது என்று திருத்தினேன்.
அதற்குக் கேட்டிருக்குமோ என்று.

கிரைண்டர், ஒன்று.
இடது கட்டைவிரலில் அது போட்ட கையெழுத்து
தனிப் பொருள் அல்ல,
கட்டணமில்லாமல் என்னோடு வரும்.

பேட்டரி என்றதும் கோ பேனாவை மூடினார்.
அபாயச் சரக்கு.
பதினோரு வருடம் என் இடுப்பில் தொங்கியது,
அவர் சொன்ன பிறகுதான் சுட்டது.

மின்மாற்றி வாங்கிக்கொள்ளலாமே என்றாள் அரசி.
பார்த்தேன். ஓர் அரிசி மூட்டை கனம்.
வேலைக்குப் போகும் வீடெல்லாம்
ஒரு கையில் டிரில்,
மறு கையில் அதற்கான தேசம்.

பிறகு அவளுடைய தோழி
வீடியோ அழைப்பில் வாடகை வீட்டைக் காட்டினாள்.
சுவரைத் தட்டச் சொன்னேன்.
தட்டினாள். அட்டைப்பெட்டி பதில் சொன்னது.
உள்ளே மரச்சட்டம், நடுவில் பஞ்சு.
என் டிரிலுக்கு அந்தப் பாஷை தெரியாது.
அதற்குத் தெரிந்தது வீவக சுவர்:
முதலில் காரை, தூளாகக் கொட்டும்.
அப்புறம் கல், கொஞ்சம் முனகும்.
கம்பியைத் தொட்டால் மட்டும்
கைப்பிடி வழியே முழங்கை வரை வந்து
இங்கே வேண்டாம் என்று சொல்லும்.

ஷொஃபிகுல் கிராஞ்சி விடுதியிலிருந்து
வேலை முடித்து வந்து சேர எட்டரை.
அடுத்த மாதம் குமில்லாவுக்கே திரும்புகிறான்,
சொந்தமாக வேலை எடுக்கப் போகிறான்.
ஓட்டிப் பார்க்கணும் பாய் என்றான்.
அந்த நேரத்தில் இங்கே துளைத்தால்
நகரமன்றம் வரை போகும்.
மெத்தையை மடித்து, டிரிலை நடுவில் செருகி,
நான் ஒரு முனையில் உட்கார, அவன் மறு முனையில்,
விசையை அழுத்தினோம்.
மெத்தை நடுங்கியது.
கீழ்வீட்டு ரோஹானி அக்கா
துடைப்பக் கம்பால் இரண்டு இடி இடித்தார்.
நாங்கள் சிரித்ததுதான் அதைவிடச் சத்தம்.

உன் ஊரில் எத்தனை வோல்ட் என்றேன்.
இருநூற்று இருபது.
பத்துதான் குறைவு. அது கண்டுகொள்ளாது.
பணத்தை எண்ண ஆரம்பித்தான்.
பாதியில் நிறுத்தி, போதும் என்றேன்.
பட்டியலை எடுத்து
ஒரு வரியை அடித்தேன்.
ஆக,
எங்களுக்கு முன்னால் அது கிளம்பிவிட்டது,
வேறு திசையில்.

அங்கே நான் பயிற்சியாளனாகத் தொடங்க வேண்டுமாம்.
இருபத்தைந்து வயதுப் பையன்கள்
எந்தப் பக்கம் திருகுவது என்று காட்டுவார்கள்.
காட்டட்டும்.
ரசமட்டத்தை மட்டும்
கால்சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைத்தேன்.

கடைசி வாரம் வீட்டை ஒப்படைக்கும் வேலை.
சாமித் தட்டு, டிவி, திரைச்சீலைக் கம்பி,
ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
தீவு முழுக்கத் துளை போட்டவன்
தன் வீட்டில் பட்டி வைத்து அடைக்கிறான்.
மொத்தம் நாற்பத்தொன்று.
சமையலறைக் கதவுக்கு மேலே ஒன்று மட்டும்
எதற்குப் போட்டது என்று
அவளுக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை.
கேலண்டரா?
அங்கேயா மாட்டுவாய்?
அவள் பெட்டி பூட்டப் போய்விட்டாள்.

அடைக்கும் முன் உள்ளே
ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன்.
ஆழம் சரியாகத்தான் இருந்தது.